இடது சிறகு

எங்கள் வீட்டுக் கொலுவில் ஏழு வருஷங்களாக ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. அதற்குச் சிறகு கிடையாது.

"இது என்ன, வாத்துங்களா?" என்று கேட்பாள் எதிர்வீட்டுப் பெண். "கோழி மாதிரியல்லவா இருக்கு!" என்பாள் அவளுடன் வந்தவள். ஒரு வாண்டுப் பயல் இன்னும் ஒரு படி மேலே போய், "பாட்டி, உருளைக்கிழங்குக்கு எதுக்கு மூக்கு வெச்சிருக்கீங்க?" என்றே கேட்டுவிட்டான். அம்மா யாருக்கும் பதில் சொல்வதில்லை. சுண்டலைக் கையில் கொடுத்துப் பேச்சை மாற்றிவிடுவாள்.

அது வாத்தும் அல்ல, கோழியும் அல்ல, செம்பருந்து. நம் பாட்டிமார் வானத்தை அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்களே, அந்தக் கருடன்தான். என் அப்பா மரத்தில் செதுக்கியது. அதற்கு இரண்டு சிறகுகளையும் அவர் செதுக்கித்தான் வைத்திருந்தார். ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில், பனியன் துணியில் சுற்றி, பத்திரமாக இருந்தன. உடம்போடு பூட்டத்தான் அவருக்கு நாள் இல்லாமல் போயிற்று.

அப்படி நாள் இல்லாமல் போனதில் எனக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

★

அப்பா தச்சர் அல்ல. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தார். முப்பத்திரண்டு வருஷம் துணியை வெட்டியவர்.

பனியன் துணி பொல்லாதது. நெய்த துணி போல விறைப்பாக நிற்காது; பின்னிய துணியாகையால் இழுத்த இழுப்புக்கெல்லாம் வரும். நீளவாக்கில் கொஞ்சம் பிடிவாதமாக இருக்கும். அகலவாக்கில் இழுத்தால் தாராளமாகக் கொடுக்கும். ஆகவே சுருளைப் பிரித்த உடனே வெட்டிவிடக் கூடாது. மேஜைமேல் அடுக்கடுக்காக விரித்து, இழுபட்ட துணி பழையபடி சுருங்கிக்கொள்ள அவகாசம் கொடுக்க வேண்டும். பிறகு அட்டையை வைத்து வரைந்து வெட்ட வேண்டும். அந்த அட்டை ஒவ்வொன்றிலும் ஓர் அம்புக்குறி உண்டு. துணியின் நீளம் எந்தப் பக்கமோ, அம்பும் அந்தப் பக்கம்தான் பார்க்க வேண்டும். அம்பு திரும்பினால் போச்சு! நாலு தோய்ப்புக்குள் பனியன் முழங்காலை நோக்கிப் புறப்பட்டுவிடும்.

"அம்பைப் பார்த்து வை" என்பதுதான் அப்பாவின் வேதம். நான் தபால் தலை ஒட்டினால்கூட, "அம்பு பார்த்தாயா?" என்பார்.

இப்படிப்பட்டவருக்கு மர வேலைப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்டால், அது பெட்டியில் வந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் பின்னல் இயந்திரங்கள் பெரிய பெரிய மரப் பெட்டிகளில் வந்து இறங்கும். இயந்திரத்தை எடுத்துக்கொண்டு பெட்டியைக் கொல்லையில் போட்டுவிடுவார்கள். அந்தப் பலகையில் ஒரு வாசனை. மிருதுவான பைன் மரம். அப்பா ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, பேனாக்கத்தியால் சீவிச் சீவி ஒரு சிட்டுக்குருவி பண்ணினார். பிறகு ஒரு கொக்கு. பிறகு ஒரு மைனா. எல்லாம் சிறகை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பறவைகள். சிறகை விரித்த பறவை ஒன்று பண்ண வேண்டும் என்பது அவருடைய ஆசை.

அதற்காகவே ஒரு தடவை சேலம் ஜில்லாவில் இருக்கும் தம்மம்பட்டிக்குப் போய் வந்தார். மரச் சிற்பத்துக்குப் பேர்போன ஊர் அது. அதற்கும், பெரம்பலூர் ஜில்லாவின் அரும்பாவூருக்கும் இப்போது புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அரும்பாவூருக்குக் கிடைத்தது 2020-ல். அப்பா போன காலத்தில் அந்தப் பேச்செல்லாம் இல்லை. ஒரு முழு நாள் சிற்பிகள் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டு, தூங்குமூஞ்சி வாகைக் கட்டை ஒன்றும், அகலமான பலகை ஒன்றும் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பினார். பலகைக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கச் சொல்லிவிட்டார் கண்டக்டர். அந்தக் கதையை அப்பா ஆயுசு பூராவும் சொல்லிச் சிரித்தார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்த வாகைக் கட்டையிலிருந்து உடம்பு வந்தது. பலகையிலிருந்து சிறகுகள் வந்தன. அந்த ஐப்பசியில் எனக்குப் போன் செய்தார்.

"ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துட்டுப் போ அம்மிணி. சிறகைப் பூட்டணும். ஒருத்தர் உடம்பைப் பிடிக்கணும், ஒருத்தர் சிறகைப் பிடிக்கணும். எனக்கு இரண்டு கைதானே இருக்கு!"

"அம்மாவைப் பிடிக்கச் சொல்லேன், அப்பா."

"உங்கம்மாவுக்குக் கை நடுங்குது. நீ வா."

தீபாவளி மலர் வேலை தலைக்குமேல் இருந்தது. மலர் முடிந்தது, பொங்கல் சிறப்பிதழ் வந்தது. "தை பிறக்கட்டும் அப்பா, நிச்சயம் வருகிறேன்" என்றேன். தை பிறந்தது. அப்பாதான் இல்லை. மார்கழி முடிய நாலு நாள் இருக்கும்போது, தூக்கத்திலேயே போய்விட்டார்.

★

அடுத்த நவராத்திரிக்கு நான் பெரிய சாமர்த்தியசாலி போலத் திருப்பூருக்குப் போனேன். கடையில் ஒரு குழாய்ப் பசை வாங்கினேன். "ஒரு நிமிஷத்தில் ஒட்டும்" என்று அதில் அச்சிட்டிருந்தது. வாஸ்தவம், என் இரண்டு விரல்களும் ஒரு நிமிஷத்தில் ஒட்டிக்கொண்டன. சிறகுகளும் ஒட்டிக்கொண்ட மாதிரிதான் இருந்தது. பறவையை மேல்படியில் ஜம்மென்று வைத்தோம். அம்மா நின்று நின்று பார்த்தாள்.

இரண்டாம் நாள் நடுராத்திரியில் ஒரு சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால், வலது சிறகு கழன்று கீழ்ப்படிச் செட்டியாரின் தலையில் விழுந்து கிடந்தது. செட்டியாருக்குக் காது போயிற்று. அவர் முன்னால் இருந்த அரிசி, பருப்பெல்லாம் நாலா பக்கமும் சிதறியிருந்தன. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றச் சிறகையும் லேசாகத் திருகினாள். அதுவும் கையோடு வந்தது. இரண்டையும் பழையபடி பனியன் துணியில் சுற்றி டப்பாவில் வைத்து மூடினாள்.

அப்புறம் ஏழு வருஷம் யாரும் அந்த டப்பாவைத் திறக்கவில்லை.

சென்ற ஆவணியில் அம்மா திடீரென்று போனில் சொன்னாள்: "எனக்கும் வயசாகிறது. இந்தக் கொலுவுக்காவது அவர் பறவைக்கு யாராவது சிறகு வைத்துக் கொடுத்தால் தேவலை."

'யாராவது' என்றுதான் சொன்னாள். 'நீ' என்று சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது. அந்த வெள்ளிக்கிழமை ராத்திரியே ரெயில் ஏறிவிட்டேன்.

★

திருமுருகன்பூண்டிப் பக்கம் போனால் தெருவோரமெல்லாம் உளிச் சத்தம் கேட்கும். சுந்தரரிடம் சிவபெருமானே வேடர்களை அனுப்பி வழிப்பறி செய்தார் என்று புராணம் சொல்லும் ஊர். இன்று கருங்கல் சிற்பத்துக்குப் பெயர் பெற்றிருக்கிறது. எங்களுக்கு வேண்டியது கல் அல்ல, மரம். விசாரித்து விசாரித்து, அவிநாசி போகும் வழியில் ஒரு ஆசாரி வீட்டைக் கண்டுபிடித்தோம். எண்பது வயசுக்குக் குறையாத பெரியவர். வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பேரன் பனியன் கம்பெனியில் ராத்திரி ஷிப்டு முடித்துவிட்டு உள்ளே தூங்குவதாகச் சொன்னார்.

டப்பாவைத் திறந்து வைத்தேன். பெரியவர் முதலில் உடம்பை எடுத்தார், புரட்டிப் பார்த்தார், கட்டைவிரலால் கழுத்தைத் தடவினார்.

"ஆருங்க செஞ்சது?"

"எங்க அப்பா, தாத்தா. தொழில்காரர் இல்லை. கட்டிங் மாஸ்டர்."

"கழுத்து நல்லா வந்திருக்குது. நல்ல கை." பிறகு சிறகின் அடியை நகத்தால் சுரண்டினார். "இதென்ன கண்ணாடி மாதிரி?"

குழாய்ப் பசையின் கதையைச் சொன்னேன். பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"பசை எதுக்குங்க அம்மிணி? பொருத்தினதை விடாம இருக்கிறதுக்கு. நீங்க பொருத்தவே இல்லையே! மரத்தை அறுத்த வாயிலே, நாரு முனையெல்லாம் குழலாட்டம் திறந்து கிடக்கும். பூசின பசையை அது குடிச்சுப் போடும். ரண்டு சொட்டை நம்பி இத்தாம் பெரிய சிறகைத் தொங்க விட்டால், அது செட்டியார் தலையில விழாம வேற எங்க விழும்?"

அவர் சிறுபையனாக இருந்தபோது தம் தகப்பனாருடன் கோயில் வாகனங்களைச் செப்பனிடப் போனவர். கருட வாகனத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நாம் வீதியில் நின்று சேவிக்கும்போது கருடாழ்வார் ஒரே மரத்தில் பிறந்தவர் போலத் தோன்றுகிறார். உண்மையில் உடம்பு தனி, கைகள் தனி, சிறகுகள் தனி. தனித்தனியே செதுக்கிப் பூட்டி, மேலே தகடு போர்த்துவதால் பொருத்து வாய் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஏன் ஒரே மரத்தில் செய்யக் கூடாது?

நம் வீட்டு விறகே பதில் சொல்லும். விறகை நீளவாக்கில் பிளந்தால் ஒரே போட்டில் பிளந்துவிடும். குறுக்கே வெட்டினால் கோடாலி வலிக்கும். மரத்தின் பலமெல்லாம் அதன் நார் ஓடும் திசையில்தான். குறுக்குத் திசையில் இழுத்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தாங்காது. உடம்புக்கு நார் தலையிலிருந்து வாலுக்கு ஓட வேண்டும். சிறகுக்கோ தோளிலிருந்து நுனிக்கு ஓட வேண்டும். ஒரே கட்டையில் இரண்டு திசை எப்படி ஓடும்? ஆகவே சிறகைத் தனியாகச் செய்து பூட்டுகிறார்கள். திருநாங்கூரில் தை மாதத்தில் ஒரே ராத்திரியில் பதினொரு கருட சேவை நடக்கிறதல்லவா? காஞ்சியில் வைகாசியில் வரதராஜர் கருடன்மேல் வருகிறாரல்லவா? தோளில் தூக்குகிறவர்கள் ஓடுகிறார்கள், குலுக்குகிறார்கள். அத்தனை குலுக்கலையும் அந்தப் பொருத்துகள் வாங்கிக்கொள்கின்றன.

பத்திரிகைக்காரி அல்லவா? அன்று ராத்திரி இதைப் பற்றித் தேடிப் படித்தேன். எகிப்தில் ஸக்காரா என்ற இடத்துக் கல்லறை ஒன்றில் 1898-ல் ஒரு மரப் பறவையைக் கண்டெடுத்தார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முற்பட்டது; சிறகை விரித்தால் 18 சென்டிமீட்டர்தான். அதற்கும் சிறகு தனித் துண்டு. ருஷ்யாவின் வட கோடியில், ஆர்க்காங்கெல்ஸ்க் பக்கத்தில், 'இன்பப் பறவை' என்று ஒன்று செய்கிறார்களாம். மரத்துண்டின் ஒரு முனையை மெல்லிய ஏடு ஏடாகப் பிளந்து, விசிறி போல விரித்து, ஏட்டோடு ஏட்டைக் கோத்துவிடுகிறார்கள். அது சிறகு. அதே மாதிரி இன்னொரு துண்டு, உடம்பும் வாலும். இரண்டையும் குறுக்கே கோத்தால் பறவை! ஆணியில்லை, பசையில்லை. நார் ஓடும் வழியிலேயே பிளப்பதால் காகிதம் போன்ற ஏடும் ஒடிவதில்லை. கூரையிலிருந்து நூலில் தொங்கவிட்டால் அடுப்பின் அனலில் மெல்லச் சுற்றுமாம்.

ஆக, எகிப்தியனும் ருஷ்யனும் அவிநாசி ரோட்டு ஆசாரியும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள்: நாரைப் பார்த்து வை. அப்பாவின் பாஷையில், அம்பைப் பார்த்து வை.

★

ஆனால் அன்று காலையில் நடந்த முக்கியமான விஷயத்தை இன்னும் நான் சொல்லவில்லை.

பெரியவர் வலது சிறகைப் பார்த்தார், தலையை ஆட்டினார். இடது சிறகை எடுத்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். "அடடா!" என்றார்.

"என்ன தாத்தா?"

"இதுல நாரு குறுக்க ஓடுதுங்க."

என்னிடம் கொடுத்தார். பார்த்தேன். வலது சிறகில் மெல்லிய ரேகைகள் தோளிலிருந்து நுனி வரை ஆற்றுநீர் போல ஓடின. இடது சிறகில் அவை ஏணிப்படி போலக் குறுக்கே கிடந்தன. அடிப்பக்கத்தைத் திருப்பினேன். திருப்பியதும் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது.

இரண்டு சிறகுகளின் அடியிலும், பென்சிலால் ஓர் அம்புக்குறி. கட்டிங் அட்டையில் போடுவாரே, அதே அம்பு! வலது சிறகில் அம்பு நுனியைப் பார்த்தது. இடது சிறகில் அது குறுக்கே திரும்பியிருந்தது. பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி.

"பலகையில கணு இருந்திருக்கும்" என்றார் பெரியவர், சிறகின் ஓரத்தில் இருந்த பழுப்பு வளையத்தைக் காட்டி. "கணுவைத் தப்பிச்சு வெட்டறதுக்காகக் குறுக்கே வெச்சு வெட்டிப் போட்டாருங்க உங்கய்யன். வெட்டின பொறவு மனசு கேக்கலை. அம்பைப் போட்டு வெச்சிருக்காரு."

அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அவருக்குத் தெரியும். 'இது தாங்காது, வேறே பலகை வாங்கணும்' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 'அம்மிணி வரட்டும், அவளைக் கேட்டு முடிவு பண்ணலாம்' என்பார்."

நான் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிறகைப் பிடிக்க ஆள் வேண்டும் என்பதெல்லாம் சாக்குத்தான் போலிருக்கிறது. தாம் செய்த தப்பை என்னிடம் காட்டி, என்ன செய்யலாம் என்று கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறார். நான் பொங்கல் சிறப்பிதழுக்குக் கோலப் போட்டி முடிவுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர் இரண்டு வழி சொன்னார். புது வாகைப் பலகையில் நார் பார்த்து வேறு சிறகு செதுக்கலாம். அது நூறு வருஷம் நிற்கும். அல்லது இதே சிறகின் அடிப்பக்கத்தில் நெடுக ஒரு காடி எடுத்து, அதில் மூங்கில் பத்தையை இறக்கிப் பூட்டலாம். மூங்கிலுக்கு நார் நீளவாக்கில் ஓடும். மரத்தில் இல்லாத பலத்தை அது கொடுக்கும். பத்தையின் முனை உடம்புக்குள்ளும் ஓர் அங்குலம் போகட்டும். ஆனால் காடி எடுக்கும்போது சிறகு இரண்டாகப் போனாலும் போகும். அதற்குத் தாம் பொறுப்பில்லை.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள்.

"உன்னைத்தானே கேட்கணும் என்றார் அவர்?" என்றாள்.

"இதையே பூட்டலாம்" என்றேன்.

★

"இன்னிக்கு வேண்டாங்க" என்றார் பெரியவர். "நஞ்சராயன் குளத்துக்குப் போயிப் பட்சிகளைப் பாத்துட்டு நாளைக்கு வாங்க. தோள் எங்க இருக்குதுன்னு தெரியாம ஓட்டை போடக் கூடாது."

திருப்பூரிலிருந்து ஊத்துக்குளி போகும் வழியில் சர்க்கார் பெரியபாளையத்தில் இருக்கிறது அந்தக் குளம். சுமார் 311 ஏக்கர். 2022-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகூடப் பனிக்காலத்தில் இங்கே வந்து தங்கிப் போகிறது. ஊரில் இத்தனை காலம் வளர்ந்தவள் நான். ஒரு தடவைகூட அங்கே போனதில்லை! அம்மாவும் நானும் சாயங்காலம் வரை கரையில் உட்கார்ந்திருந்தோம்.

ஒரு நீர்க்காகம் பட்டுப்போன கொம்பில் நின்று, இரண்டு சிறகையும் கொடியில் காயப்போட்ட துணி போல விரித்துக்கொண்டிருந்தது. அதன் இறகுகள் தண்ணீரில் நனைந்துவிடும். அதனால் முங்கி எழுந்தால் அப்படி உலர்த்திக்கொள்ள வேண்டும். எனக்கு நல்ல பாடமாயிற்று. சிறகு விலாவிலிருந்து கிளம்பும் என்றல்லவா நினைத்திருந்தேன்? இல்லை. முதுகுக்குப் பக்கத்தில், கழுத்தை ஒட்டி, உயரத்தில் இருக்கிறது தோள். முன்னோரம் தடிப்பு, பின்னோரம் ஏடு.

பொழுது சாயும் சமயம் ஒரு செம்பருந்து வந்தது. நீருக்குமேல் ஒரு வட்டம் போட்டது. திரும்பும்போது ஒரு சிறகு மேலே ஏறிற்று, மற்றது தாழ்ந்தது. "அதோ, அவர் பட்சி" என்றாள் அம்மா. கன்னத்தில் போட்டுக்கொள்ள மறந்துவிட்டாள்.

★

மறுநாள் காலை எட்டு மணிக்கு வேலை தொடங்கிற்று. பெரியவரின் கையும் நடுங்கியது. ஆகவே அவர் சொல்லச் சொல்ல, உளியைப் பிடித்தவள் நான்தான்.

முதலில் பழைய பசையைச் சுரண்டி எடுத்தோம். காடி எடுப்பது அரை மணி நேரம். சிறகைப் பலகைமேல் கவிழ்த்து வைத்து, அம்மா இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். உளியைக் கொட்டாப்புளியால் அடிக்கக் கூடாது. உள்ளங்கையால் தள்ள வேண்டும். ஒவ்வொரு தள்ளுக்கும் எனக்கு உயிர் போய் வந்தது. ஓரிடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். ஒன்றுமில்லை, சிராய்தான். சீவிய மூங்கில் பத்தை காடியில் வழுக்கிக்கொண்டு இறங்கியபோது, பெரியவர் முதல் தடவையாக, "பேஷ்!" என்றார்.

அப்புறம் தோள். உடம்பில் தோள் இருக்கும் இடத்தைத் தட்டையாகச் சீவி, சிறகின் அடியையும் அதற்கு இசைவாகச் சீவ வேண்டும். இரண்டும் முழுக்கத் தொடுகின்றனவா என்று எப்படித் தெரிவது? ஒரு பக்கத்தில் கரித்தூளைத் தடவி, மற்றதை அழுத்திப் பார்க்க வேண்டும். எங்கே கரி ஒட்டுகிறதோ அந்த இடம் மேடு. அதை மட்டும் சீவ வேண்டும். மறுபடியும் கரி, மறுபடியும் அழுத்தல், மறுபடியும் சீவல். அன்று எத்தனை தடவை செய்தேனோ! என் கையும் முகமும் அடுப்பங்கரையாகிவிட்டன. கடைசியில் கரி எல்லா இடத்திலும் ஒரே சீராக ஒட்டியது.

முளை ஒன்று போதாது. ஒன்றே ஒன்று போட்டால் சிறகு அதில் சக்கரம் போலச் சுற்றும். ஆகவே வலது பக்கத்துக்கு இரண்டு மூங்கில் முளைகள். இடது பக்கத்துக்குப் பத்தையின் முனையும், ஒரு முளையும். துளை எவ்வளவு ஆழம் போகலாம் என்று துளையூசியில் நூலைச் சுற்றி அடையாளம் வைத்துக்கொண்டோம். எந்தச் சாய்வில் போக வேண்டும் என்பதற்கு அட்டையை மடித்து வைத்துக்கொண்டோம். முளையின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கீறல் போட வேண்டுமாம்; இல்லாவிட்டால் துளைக்குள் மாட்டிய காற்றும் பசையும் போக வழியில்லாமல் முளையை வெளியே தள்ளிவிடும்.

பெரியவரின் இளமைக் காலத்தில் வஜ்ஜிரத்தைத் தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்துக் காய்ச்சித்தான் பூச வேண்டும். தெருவெல்லாம் நாறும். 1959-ல் ஃபெவிகால் என்ற வெள்ளைப் பசை வந்த பிறகு அந்தத் தொல்லை படிப்படியாகக் குறைந்தது. நாங்களும் வெள்ளைப் பசையைத்தான் பூசினோம்.

எல்லாம் சரி. பசை காய்கிற வரையில் விரிந்த சிறகை எப்படி அழுத்திப் பிடிப்பது? வளைந்த சாமானில் இடுக்கி நிற்காது. நான் விழித்தேன். அம்மா சட்டென்று டப்பாவிலிருந்த பனியன் துணியை எடுத்தாள். நீளநீளமாகக் கிழித்தாள். ஒரு முனையை என்னிடம் கொடுத்து, "இழு" என்றாள். அகலவாக்கில்தான் கிழித்திருந்தாள், துணி நன்றாகக் கொடுத்தது. இழுத்து இழுத்து, தோளின்மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றினோம். சுற்றச் சுற்ற அது விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அறுவது வருசமா இந்தத் தொழில்ல இருக்கறேன். இது எனக்குத் தோணலீங்களே!" என்றார்.

"கட்டிங் மாஸ்டர் பெண்டாட்டி அல்லவா?" என்றேன். அம்மா சிரித்தாள்.

★

அடுத்த நாள் கட்டைப் பிரித்தோம். சிறகுகள் நின்றன. பிடித்து அசைத்தேன்; அசையவில்லை. ஆனால், இடது சிறகு வலது சிறகைவிட ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தது! நான்தான் கரி பார்த்துச் சீவும் ஆவேசத்தில் அடிப்பக்கம் கொஞ்சம் அதிகமாகச் சீவிவிட்டேன்.

"ஆவி காட்டிப் பிரிச்சுச் சரி பண்ணிப் போடலாங்க. ஒரு நாள் வேலை" என்றார் பெரியவர்.

அம்மா பறவையைக் கையில் வாங்கிக்கொண்டாள். எட்டப் பிடித்துப் பார்த்தாள். "இருக்கட்டும்" என்றாள்.

கூலி கொடுக்கப் போனால் அவர் வாங்கவில்லை. "உளி பிடிச்சது நீங்க. எனக்கெதுக்குங்க கூலி?" என்றார். கொலுவுக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தோம். சரஸ்வதி பூஜையன்று பேரனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்து சேர்ந்தார். பறவையைப் பார்த்துவிட்டுச் சுண்டல் சாப்பிட்டார். காது போன செட்டியாரை உற்றுப் பார்த்து, "அவரையும் கொண்டு வாங்க" என்றார்.

இடது சிறகின் அடியில் அந்த அம்பும் கேள்விக்குறியும் இப்போது இல்லை. காடி எடுத்தபோது பாதி போயிற்று. மீதியை மூங்கில் மறைத்துக்கொண்டது. போவதற்கு முன் நான் அதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டேன். வேறு யாரிடமும் காட்டவில்லை.

எதிர்வீட்டுப் பெண் வழக்கம்போல மூன்றாம் நாள் வந்தாள். மேல்படியைப் பார்த்து, "அட, சிறகு வெச்சாச்சுங்களா!" என்றாள். பிறகு தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, "ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்ந்தாப்பல இருக்குதே?" என்றாள்.

அம்மா இந்தத் தடவை சுண்டலை எடுக்கப் போகவில்லை.

"திரும்பிக்கொண்டிருக்கிறது" என்றாள்.